தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையின் கணக்கு

காத்திருத்தலை முல்லைக்கு உரியதாக வகுத்த பழம்புலவர்கள், அதற்குக் காட்டையும் கார்காலத்தையும் மாலைப்பொழுதையும் அமைத்துக் கொடுத்தார்கள். மலாய் நாட்டுச் செனாயில் ஒரு தமிழ்ப்பள்ளியின் வாசலில், நண்பகல் வெயிலில், இயந்திரத்தை அணைத்துவிட்டு வேனுக்குள் அமர்ந்திருக்கும் ஒருத்தியை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வழியில்லை. ஆயினும் ஷாமளாவின் காத்திருப்பும் அந்த வகையைச் சேர்ந்ததுதான். பள்ளி மணி அடிக்கும் வரை அவளுக்கு வேலை ஒன்றும் இல்லை. சன்னல்களைத் திறந்துவிட்டு, தலையை இருக்கையில் சாய்த்து, வானத்தைப் பார்ப்பாள். விமானங்கள் தாழ்ந்து வரும் ஊர் அது. இறங்கப் போகும் விமானத்தின் நிழல் செம்பனை மரங்களைக் கடந்து, தொழிற்சாலைக் கூரைகளைக் கடந்து, பள்ளித் திடலில் ஓடி, ஒரு கணம் வேனின் மேல் படிந்து அகலும். அந்த ஒரு கணக் குளிர்ச்சியில் கண் தானாக மூடும். மூடிய கண்ணுக்குள் அவள் மகள் சாருமதி பெரியவளாகி, இன்னதென்று துலங்காத ஏதோ ஒரு பெரிய கட்டடத்தின் படிகளில் ஏறிப் போவாள். என்ன படிப்பு என்பது கனவில் தெரியாது. படிகள் மட்டும் தெரியும். அந்தப் படிகளுக்குப் பணம் வேண்டும் என்பது விழித்த பின் தெரியும்.

சாருமதி ஷாமளாவின் வயிற்றில் பிறந்தவள். ஆனால் ஷாமளாவை அவள் "அத்தை" என்றுதான் அழைப்பாள். தகப்பன் மணியத்தை "மாமா" என்பாள். வேனில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதை அப்படியே நம்பிவிடுவார்கள். ஷாமளா திருத்துவதில்லை.

சாருமதிக்கு முன்னே பிறந்த இரண்டு குழந்தைகள் பால் மணம் மாறுமுன்பே போய்விட்டன. மூன்றாவது முறை கருவுற்றபோது ஷாமளா மகிழவில்லை, அஞ்சினாள். பிறந்த பெண்ணின் சாதகத்தைப் பார்த்தவர், "பெற்றவர்கள் உரிமை கொண்டாடினால் தங்காது, தெய்வத்துக்குக் கொடுத்து வாங்குங்கள்" என்றார். அவர்கள் குடும்பங்களில் பலர் செய்துவந்த வழக்கம்தான். தீட்டுக் கழிந்த பின் குழந்தையை முறத்தில் கிடத்தி, முருகன் சந்நிதியில் வைத்து, "இது உன் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் பெற்றவர்கள் பின்வாங்க வேண்டும். பிள்ளைகளைக் குறைவின்றி வளர்த்த வேறொருத்தி தவிட்டை விலையாகக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு அவள், "எனக்காக வளர்த்துக் கொடு" என்று பெற்றவளின் கையிலேயே தருவாள். வியாழன் வானத்தை ஒருமுறை சுற்றி வரும் பன்னிரண்டு ஆண்டுகளும் அந்தப் பிள்ளை பெற்றவளுக்குச் சொந்தமில்லை. தாய் என்று அழைக்கப்படவும் கூடாது. தாய் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளவும் கூடாது.

வாங்கியவள் காளியம்மா. தொழிற்பேட்டைக்கு எதிரே கணவனோடு காலைப் பசியாறல் கடை நடத்துபவள். நான்கு ஆண்பிள்ளைகளைப் பெற்றவள். சாலையின் அந்தப் பக்கம் நின்று பேசினாலும் இந்தப் பக்கம் கேட்கும் குரலுடையவள். அன்றைய நிகழ்ச்சியை அவள் கடைக்கு வருவோரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

"நெல்லு வெளையாத ஊர்ல தவிட்டுக்கு எங்க போறது? கோழித் தீவனக் கடையில போயி ஒரு கிலோ கேட்டேன். எத்தனை கோழி வச்சிருக்கேன்னு கேட்டான் கடைக்காரன். ஒன்னே ஒன்னுதான்லா, அதுவும் இப்பதான் பொரிஞ்சிச்சின்னு சொன்னேன்."

சாருமதி அவளைத்தான் "அம்மா" என்று அழைப்பாள். ஒவ்வொரு நாள் காலையும் அந்தக் கடையருகே வேன் நிற்கும்போது, சன்னல் வழியே தலையை நீட்டி, "அம்மா, நாசி லெமாக்!" என்று சாருமதி கூவுவாள். அந்தச் சொல் ஷாமளாவின் தோளைக் கடந்து போகும். போகட்டும் என்று அவள் இருப்பாள். அழைக்கும் குரல் உயிரோடு இருக்கிறது, அது போதும்.

இப்படியாகப் பிள்ளைக்கு வந்த பணமும் காளியம்மா பெயரிலேயே சேர்ந்தது. தீபாவளிக்கு வரும் அங்பாவ் அன்பளிப்பு உறைகள், பிறந்தநாளுக்கு உறவினர் கையில் வைப்பது, சிங்கப்பூரில் கிடங்கு வேலை பார்க்கும் மணியம் சம்பளத்தில் ஒதுக்குவது எல்லாம் அவளுடைய சாதாரணச் சேமிப்புக் கணக்கிலேயே போடப்பட்டன. பிள்ளையின் பெயருக்கு அருகே தன் பெயரை எழுதுவதும் உரிமை கொண்டாடுவதுதானே என்று ஷாமளா நினைத்திருந்தாள். காளியம்மா கை சுத்தமானவள். ஒரு காசும் குறைந்ததில்லை. கூடியதும் இல்லை.

ஒருநாள் காலை, பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பிய ஷாமளாவைக் காளியம்மா கைகாட்டி நிறுத்தினாள். பத்து பாகாட் நகரில் அவளுடைய மூத்த மகன் சாப்பாட்டுக் கடை எடுத்திருந்தான். அப்பா அம்மா இல்லாமல் அடுப்புப் பற்றாது என்று அழைத்திருந்தான்.

"அடுத்த மாசம் மூட்டை கட்டுறோம். உன் பொண்ணு காசை நான் பத்து பாகாட்டுக்குத் தூக்கிட்டுப் போக மாட்டேன். நாளைக்கு எனக்கு ஒன்னு ஆச்சின்னா, என் பேர்ல இருக்கிறது என் நாலு தடியனுங்களுக்குத்தான் போவும். கோழிக்குஞ்சுக்கு ஒன்னும் வராது."

"அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா."

"நான் பேசாட்டி சட்டம் பேசும். அது போகட்டும், இத்தனை வருசம் கிடந்துச்சே, என்னா வட்டி வந்திச்சின்னு பாத்தியா? போன வருசத்து வட்டிக்கு ஒரு ரொட்டி சானாய் சாப்பிடலாம். கூடக் குடிக்கிற தே தாரிக்குக் கையிலேருந்து போடணும்."

ஷாமளா சிரித்தாள். ஆனால் அத்தனை ஆண்டுகள் பெய்த மழையைத் தேங்க விடாத மணலில் ஊற்றியிருக்கிறோம் என்று வேனைத் திருப்பும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்றிலிருந்து அவள் காத்திருப்புக்கு ஒரு வேலை வந்தது. வேனில் அமர்ந்தபடி கைப்பேசியில் வங்கிகளின் பக்கங்களைப் படித்தாள். பக்கத்து ஊரான கூலாய்க்குப் போகும்போதெல்லாம் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளின் முன் நின்றாள். முதலில் அவள் மனம் ஓடியது பெரிய எண்ணை நோக்கித்தான். தோள் அகலத்துக்கு எழுதிய அந்த வட்டி விகிதத்தின் கீழே, எறும்பு ஊர்வதைப் போன்ற எழுத்தில் நிபந்தனைகள் இருந்தன: சம்பளம் அந்த வங்கிக்கே வர வேண்டும், அட்டையில் செலவு செய்ய வேண்டும், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பகுதிக்கு மட்டுமே அந்த விகிதம். சேமிப்பதற்காகச் செலவு செய்யச் சொல்லும் கணக்கு தனக்கு ஆகாது என்று அதை விட்டாள். நிரந்தர வைப்பு நல்ல வட்டி தந்தது. ஆனால் அது ஒருமுறை பூட்டிய பெட்டி. தீபாவளிக்கு வரும் சிறுதொகையை அதில் அவ்வப்போது சேர்க்க முடியாது. தவணை முடியுமுன் திறந்தால் வட்டி போய்விடும்.

கடைசியில் ஒரு வங்கியின் சிறுவர் கணக்கு அவள் கண்ணில் நின்றது. எவ்வளவு சிறிய தொகையையும் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம். சேரச் சேர வட்டி விகிதமும் படிப்படியாக உயரும். கட்டணம் எதுவும் பிடிக்க மாட்டார்கள். பிள்ளையின் பத்தாம் பிறந்தநாளுக்கு முன்பு தொடங்கிவிட்டால் பதினெட்டு வயது வரை அந்தச் சலுகை தொடரும். சாருமதிக்குப் பத்து முடிய ஒரு மாதமே இருந்தது. அந்தப் பகல் முழுவதும் ஷாமளா ஒரு மயக்கத்தில் இருந்தாள். வட்டி என்பது அவள் உறங்கும்போதும் வேன் ஓட்டும்போதும் அரவமின்றி நடக்கும் ஒரு வளர்ச்சி. மண்ணுக்குள் கிழங்கு பருப்பதைப் போல, ஒருவர் கண்ணும் படாமல். கண் படாமல் வளர்வது எதுவோ அதுவே அவளுக்கு இனித்தது.

காளியம்மாவையும் சாருமதியையும் அழைத்துக்கொண்டு கூலாயில் உள்ள அந்த வங்கிக்குப் போனாள். காளியம்மா பட்டுச் சேலை உடுத்தியிருந்தாள். ஷாமளா வழக்கம்போல் ஓரமாக நின்றாள். முகப்பில் அமர்ந்திருந்த பெண்ணின் பெயர் வாசுகி என்று சட்டையில் குத்தியிருந்தது.

"நல்ல கணக்குதான்க்கா இது," என்றாள் வாசுகி. "பிள்ளை பேர்ல தொறந்திரலாம். அம்மா யாரு?"

சாருமதி தயங்காமல் காளியம்மாவைக் காட்டினாள். "இவங்கதான் அம்மா."

வாசுகி அடையாள அட்டையையும் பிறப்புப் பத்திரத்தையும் வாங்கிப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. "பத்திரத்துல ஷாமளான்னு இருக்கே. நீங்க காளியம்மா."

"நான் வாங்குனவ," என்றாள் காளியம்மா, அந்தக் கூடம் முழுவதும் கேட்கும்படி.

"எதை வாங்குனீங்க?"

"இந்தப் பிள்ளையை."

விசைப்பலகையின் மேல் வாசுகியின் கை நின்றுபோனது. "அலமாக்! அக்கா, கொஞ்சம் மெதுவா. பிள்ளைய வாங்குனேன்னு பேங்க்ல வந்து சொல்லாதீங்க. எங்க மேனேஜர் போலீசைக் கூப்பிட்டுருவாரு."

"திருட்டுச் சரக்கு இல்லம்மா. முருகன்கிட்ட நேரா வாங்குனது."

சாருமதி பொறுமையாக விளக்கினாள். "பெத்தது அத்தை. வாங்கினது அம்மா. நான் சாமியோட பொண்ணு. பன்னெண்டு வயசு வரைக்கும்தான்."

வாசுகிக்கு அப்போது புரிந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு சிரிக்கவும் தோன்றவில்லை, ஷாமளாவின் முகத்தைப் பார்த்ததனால். பிறப்பைப் பதிந்தது மணியம். அந்தப் பத்திரத்தைக் காளியம்மாவே அலமாரியில் வைத்திருந்தாள். தன் பெயருக்கு நேரே தாய் என்று எழுதியிருப்பதை ஷாமளா அன்றுதான் முதன்முதலாகக் கண்டாள்.

"அக்கா," என்று வாசுகி குரலைத் தாழ்த்தினாள், "பெத்தவங்கதான் கையெழுத்துப் போடணும். அம்மா இல்லாட்டி அப்பா. வேற ஆள் போடணும்னா கோர்ட்டு உத்தரவு வேணும். ஆனா ஒன்னு. இதுல போடுற காசு உங்களோடது இல்ல. பிள்ளையோடது. நீங்க காவலுக்கு இருக்கிற ஆள், அவ்வளவுதான். பதினெட்டு ஆனதும் உங்க பேரை எடுத்திருவோம்."

ஷாமளா பேனாவைக் கையில் எடுத்தாள். 'உறவு' என்று கேட்டிருந்த கட்டத்தின் மேல் பேனாவை வைத்தாள். எழுத முடியவில்லை. "இன்னொரு நாள் வரோம்மா," என்று எழுந்துவிட்டாள்.

வேனில் காளியம்மா வழிநெடுகக் கடிந்தாள். ஷாமளாவின் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் வேறொரு கணக்கில் மூழ்கியிருந்தாள். இறைவனிடம் பன்னிரண்டு ஆண்டுத் தவணைக்கு ஒப்படைத்த பிள்ளை இவள். தவணை முடிய இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறது. முன்கூட்டியே "என்னுடையது" என்று எழுதிக் கொடுத்தால், வங்கியிலானால் வட்டி மட்டும் போகும். இங்கே முதலே போய்விட்டால்?

ஞாயிற்றுக்கிழமை காலை மணியம் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தான். ஷாமளா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, குழாயை மூடாமலேயே சொன்னான்:

"ஃபாரம் மலாய்லதானே இருக்கு? அம்மாங்கிறதுக்கு 'இபு'ன்னு எழுதிட்டு வா. முருகனுக்கு மலாய் தெரியாது."

"ஏன் தெரியாது? நூறு வருசமா இந்த ஊர்ல குடியிருக்கார். உங்களவிட நல்லாப் பேசுவார்."

மணியம் சிரித்தான். பிறகு துணியைப் பிழிந்து வைத்துவிட்டு எழுந்தான். "சரி, நான் போடுறேன் கையெழுத்து. லீவு எடுத்துக்கிறேன். ஏதாச்சும் வந்தா எனக்கு வரட்டும்."

"உங்களுக்கு வராம அவளுக்கு வந்தா?"

குழாயிலிருந்து நீர் ஓடிக்கொண்டே இருந்தது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாலையில் அவள் கோயிலுக்குப் போனாள். ஒரு காலத்தில் தோட்டத்துக்கு நடுவே இருந்து, இப்போது வரிசை வீடுகளுக்கு நடுவே அகப்பட்டிருக்கும் கோயில் அது. சந்நிதியில் ஒருவரும் இல்லை. திருவிளக்கின் சுடர் அசைவற்று நின்றது. வேலவன் திருமுகம் எண்ணெய்ப் பளபளப்பில் நீருக்கடியில் தெரிவது போலத் தெரிந்தது. 'உத்தரவு தருவாயா, மாட்டாயா' என்று கேட்க அவளுக்கு நா எழவில்லை. கேட்டு, விடை வந்துவிட்டால் என்ன செய்வது? வெறுமனே நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. கற்பூர வாடையில் நேரம் கரைந்து போயிற்று. முறத்தில் கிடந்த சிசுவும் பள்ளிச் சீருடையில் நிற்கும் சிறுமியும் ஒருத்திக்குள் ஒருத்தியாக அவள் கண்ணுக்குள் மாறி மாறி வந்தார்கள்.

வெளிமண்டபத்தில் ஆலயப் பொருளாளர் சுகுமாறன் உண்டியல் சாவிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். வங்கிகளையே எண்ணிக்கொண்டிருந்த மனத்தில் ஒரு கேள்வி எழுந்தது, யோசிக்காமல் கேட்டும்விட்டாள்.

"அண்ணே, சாமி காசையெல்லாம் எங்க போட்டு வைக்கிறீங்க?"

"பேங்க்லதான். பாதி நிரந்தர வைப்பு. ஏம்மா?"

"யார் பேர்ல?"

சுகுமாறன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சாமிக்கு ஐ.சி. அட்டை இருக்கா? எங்க மூனு பேர் கையெழுத்துலதான் இருக்கு. தலைவர், செயலாளர், நான்."

"அப்போ, பேங்கைக் கேட்டா உங்க காசுன்னுதானே சொல்லும்?"

"எங்க காசா? நல்லாக் கேட்ட போ! ஒரு வெள்ளி கணக்குல இடிச்சா ஆண்டுக் கூட்டத்துல தோலை உரிச்சிடுவானுங்க. பேரு எங்களோடது, முழி பிதுங்குறதும் நாங்க. காசு அவரோடது." சந்நிதியின் பக்கம் தலையை அசைத்துக் காட்டினார். "அவர் வந்து கையெழுத்துப் போட மாட்டார்னுதானே எங்களை வச்சிருக்காரு."

அவர் கதவைப் பூட்டப் போய்விட்டார். ஷாமளா மண்டபத் தூணருகே நின்றாள். வாசுகி சொன்னது இப்போதுதான் அவள் காதில் விழுந்தது போலிருந்தது. உங்களோடது இல்ல, காவலுக்கு இருக்கிற ஆள். வங்கி கேட்பது உரிமையாளர் யார் என்றல்ல. எவளிடம் ஒப்படைத்திருக்கிறது என்று கேட்கிறது. பிள்ளையைக் கொடுத்த அன்று, எனக்காக வளர்த்துக் கொடு என்று தன் கையில் தந்தார்களே, அதுவும் இதுவும் வேறல்ல. தவணையை உடைக்க வேண்டியதில்லை. முருகன் பிள்ளை அவன் பிள்ளையாகவே இருக்கட்டும். அவன் வந்து கையெழுத்திட மாட்டான். ஆகவே அவள் இடுவாள்.

மறுநாள் பள்ளி முடிந்ததும் மூவரும் மீண்டும் அந்த வங்கியில் நின்றார்கள். வாசுகி ஒன்றும் கேட்காமல் தாளை எடுத்து வைத்தாள். ஷாமளா அமர்ந்தாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. விரல் நுனியில் இருந்தது. அந்த விரலாலேயே 'உறவு' கட்டத்துக்குள் 'இபு' என்று எழுதினாள். எழுதியதைத் திரும்பப் பார்க்கவில்லை. கையெழுத்திடும் இடத்தை வாசுகி காட்டக் காட்ட, அங்கெல்லாம் இட்டாள். காளியம்மா தன் கணக்கிலிருந்து எடுத்து வந்த பணத்தை உறையோடு முகப்பின் மேல் வைத்து, கையைத் துடைத்துக்கொண்டாள்.

வாசுகி சேமிப்புப் புத்தகத்தை அச்சிட்டு நீட்டினாள். சாருமதியின் பெயர் பெரிதாக இருந்தது. அதன் கீழே, காவல் என்பதற்கான குறிப்போடு, ஷாமளாவின் பெயர் சிறிதாக இருந்தது. சிறிதாக இருந்தது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

"சரி, இனிமே இவங்கள என்னான்னு கூப்பிடுவ?" என்று வாசுகி விளையாட்டாகச் சாருமதியைக் கேட்டாள்.

"அத்தைன்னுதான்," என்றாள் சாருமதி. "இன்னும் ரெண்டு வருசம் இருக்கே."

காளியம்மா உரக்கச் சிரித்தாள். "பாத்தியாலா? தவணை முடியாம எடுக்க மாட்டேங்குது கோழிக்குஞ்சு. இதுக்கா வட்டி சொல்லிக் குடுக்கணும்?" சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அடுத்த வாரம் அவள் பத்து பாகாட்டில் இருப்பாள்.

காளியம்மாவைக் கடையில் இறக்கிவிட்டு இருவர் மட்டும் வீடு திரும்பினார்கள். வெயில் சாய்ந்து, சாலையோரச் செம்பனை மட்டைகளின் ஊடே மஞ்சளாகக் கசிந்துகொண்டிருந்தது. புத்தகத்தை மடியில் வைத்தபடியே சாருமதி முன்னிருக்கையில் உறங்கிப் போயிருந்தாள். சந்திப்பில் சிவப்பு விழுந்தது. ஷாமளா வேனை நிறுத்தி, புறங்கையை மகளின் நெற்றியில் வைத்துப் பார்த்தாள். சூடில்லை. கையை எடுக்க மனமின்றி அப்படியே வைத்திருந்தாள்.

"என்னா அத்தை?" என்றாள் சாருமதி, கண்ணைத் திறக்காமல்.

"ஒன்னும் இல்லடா. தூங்கு."

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். பச்சை விழுந்து வெகுநேரம் ஆகியிருந்தது.